நாற்பது வயது எஃகுப் படகைக் குடும்பமாகச் சீரமைக்க முடியுமா?

கேள்வியைக் கேட்டவர் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வசிக்கும் ஒரு பெண்மணி. அவருடைய அப்பா கப்பல் பட்டறையில் வெல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 68. எதிரே மலேசியாவின் ஜோகூர்க் கரையில் தூக்கி நிறுத்தியிருக்கும் 11 மீட்டர் எஃகுப் பாய்மரப் படகொன்று குறைந்த விலைக்கு வந்திருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் கட்டியது, தகடு 4 மி.மீ. என்று விற்பவர் சொல்கிறாராம். மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான், மகள் தொடக்கநிலை நான்கில். கணவருக்கு மின்வேலை தெரியும். "வார இறுதிகளில் குடும்பமாகச் சேர்ந்து இதைச் சீரமைக்க முடியுமா? எங்கே தொடங்குவது? எதற்குப் பயப்பட வேண்டும்?" என்று கேட்கிறார்.

முடியும். ஆனால் எல்லா வேலையையும் குடும்பமே செய்ய முடியாது, செய்யவும் கூடாது. எந்த வேலை உங்களுடையது, எந்த வேலை கூலிக்காரருடையது என்பதை வாங்குவதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும். பழைய படகு வாங்கிப் பாதியில் விட்டவர்களைக் கப்பல் பழுதுபார்க்கும் தொழிலில் இருந்த காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். அவர்களில் திறமை இல்லாதவர் குறைவு. படகு கரையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும் என்பதைக் கணக்கில் எடுக்காதவர்களே அதிகம். தகடு வெட்டி ஒட்டுவது, துரு உரிப்பது, அடிப்பகுதிக்குப் பெயின்ட் அடிப்பது ஆகிய மூன்றும் படகு தரையில் இருக்கும்போது மட்டுமே நடக்கும். இவற்றைத் தேர்ந்த ஆட்களை வைத்து விரைவாக முடித்துவிட்டுப் படகை நீரில் இறக்கிவிட வேண்டும். மரவேலை, மின்வேலை, உள்ளறைப் பெயின்ட், மெத்தை, பாய் எல்லாம் படகு மிதந்துகொண்டிருக்கும்போதே செய்யலாம். அவை குடும்பத்துக்கு. நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: காசு மிச்சம் பிடிக்க வெளித்துருவைத் தாங்களே சுரண்டத் தொடங்கி, மழையில் அது மறுபடி துருப்பிடிக்க, வாடகையிலேயே படகின் விலையைக் கட்டி முடிப்பார்கள்.

இனி படகைப் பார்ப்போம். எஃகுப் படகுகள் பெரும்பாலும் உள்ளிருந்து வெளியே அரித்துத்தான் சாகின்றன. வெளிப்புறத்தைத் தூக்கும்போதெல்லாம் யாராவது பார்க்கிறார்கள், கழுவுகிறார்கள், பெயின்ட் அடிக்கிறார்கள். அங்கே எஃகுக்குப் பதிலாகத் தாம் கரைந்துபோகும் துத்தநாகக் கட்டிகளும் காவல் இருக்கின்றன. உள்ளே, பலகைக்கும் அலமாரிக்கும் பின்னால், கட்டிய நாளிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். வெளியே மாட்டிய துத்தநாகம் உள்ளே தேங்கிய நீருக்கு எந்த உதவியும் செய்யாது, ஏனென்றால் அந்தக் காவல் இரண்டு உலோகங்களும் ஒரே நீரில் நனைந்திருந்தால் மட்டுமே வேலை செய்யும்.

ஆகவே முதல் நாள் படகைப் பார்க்கப் போகும்போது வெளிப்பெயின்டின் பளபளப்பைப் பார்க்காதீர்கள். விற்பனைக்கு முன் புதிதாக அடித்த பெயின்ட் எனக்கு எப்போதும் சந்தேகத்தைத்தான் தரும். தரைப்பலகைகளைக் கழற்றச் சொல்லுங்கள். கையில் டார்ச், ஒரு நீளக் கம்பியில் கட்டிய சிறு கண்ணாடி, திருப்புளி, காந்தம் இருக்கட்டும். பட்டறையில் பில்ஜ் என்று சொல்லும் அடிவயிற்றில் சிமென்ட் ஊற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய படகுகளில் அது வழக்கம், அதன் ஓரத்தில் விரிசல் இருந்தால் அடியில் நீர் இறங்கியிருக்கும். விலாச் சட்டங்களின் அடியில் நீர் ஓடுவதற்காகச் சிறு துளைகள் விட்டிருப்பார்கள். அவை மரத்தூளும் முடியும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்துக் கிடந்தால், ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னாலும் ஒரு குட்டை இருந்திருக்கிறது என்று பொருள். பக்கவாட்டில் நீளமாக ஓடும் சட்டங்களின் மேல்விளிம்பு இன்னொரு இடம். சன்னலிலிருந்து வழியும் நீரும், இரவில் தகட்டில் படியும் வியர்வையும் அங்கேதான் வந்து தங்கும். குளியலறையின் அடி, குளிர்பதனப் பெட்டியின் அடி, மின்கலங்களின் அடி, இயந்திரத்தின் அடி, நங்கூரச் சங்கிலி கிடக்கும் அறை ஆகியவற்றில் கையை விட்டுத் தடவுங்கள். கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு சேறு இருந்தால் அதை வழித்துப் பாருங்கள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் வேலை செய்த அடையாளம் அது. கீழே பளபளவென்று சிறு குழிகள் தெரிந்தால், அந்தக் குழிகள்தாம் முதலில் ஓட்டையாகும்.

மேல்தளத்தில் தேக்குப் பலகை பதித்திருந்தால், அழகாக இருக்கிறது என்று மயங்க வேண்டாம். எஃகுத் தளத்தில் தேக்கைத் திருகாணியால் இறுக்கிய ஒவ்வோர் இடமும் நீர் இறங்கும் வழி. என் ஆலோசனை, பலகையை எடுத்துவிட்டு வழுக்காத மணல் கலந்த பெயின்ட் அடிப்பது. நம் வெயிலில் அது வெளிர் நிறமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெறுங்காலோடு நடக்க முடியாது.

துருவின் கனத்தைப் பார்த்தும் பயப்படாதீர்கள். துரு எஃகைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். விரல் கனத்துக்கு உதிரும் செதில் பல சமயம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் எஃகிலிருந்து வந்திருக்கும். அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர் 4 மி.மீ. தகட்டில் போனதா, 10 மி.மீ. அடித்தட்டில் போனதா என்பதுதான் கேள்வி. கண் அதற்குப் பதில் சொல்லாது, கருவி சொல்லும்.

கருவி என்றால் மீயொலித் தடிமன் அளவி. ஒலி எஃகில் நொடிக்கு ஏறக்குறைய 5,900 மீட்டர் வேகத்தில் ஓடும். அது போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தகடு எவ்வளவு மிச்சம் என்று கணக்கிடுகிறது. பல எதிரொலிகளை ஒப்பிடும் வகைக் கருவியாக இருந்தால் பெயின்டைச் சுரண்டாமலே அளக்கலாம், அதையே கேளுங்கள். 11 மீட்டர் படகில் நீருக்கடியில் இருக்கும் பரப்பு சுமார் 30 முதல் 35 சதுர மீட்டர். ஓரடிக்கு ஓர் அளவீடு என்று கட்டம் போட்டால் 320-லிருந்து 380 எண்கள் வரும். படகுகளை ஆய்வு செய்யும் சர்வேயர் ஒருவரை வைத்து இதைச் செய்யுங்கள், ஆனால் நீங்களும் கூடவே போங்கள். எண்ணைப் படகின் மேலேயே சுண்ணக்கட்டியால் எழுதுவதும், வரைதாளில் குறித்து வண்ணம் தீட்டுவதும் பிள்ளைகளின் வேலை. எங்கே மெலிந்திருக்கிறது என்பதை அந்த வரைபடத்தைப் பார்த்துத் தொடக்கநிலை நான்கு மாணவியே சொல்லிவிடுவாள்.

அப்பாவையும் கூட்டிச் செல்லுங்கள், கையில் ஒரு சிறு சுத்தியலோடு. நல்ல தகடு தட்டினால் கணீர் என்று பேசும், மெலிந்த தகடு மொத்தென்று விழும். பட்டறையில் ஆயுளைக் கழித்தவர் காதுக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருவி கட்டத்தின் புள்ளிகளில் மட்டுமே அளக்கிறது, புள்ளிகளுக்கு இடையில் இருப்பதைச் சுத்தியல்தான் கண்டுபிடிக்கும். காந்தம் சரியாக ஒட்டாத இடத்தில் தகட்டுக்கு மேல் புட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

கட்டிய கனத்தில் கால் பங்குக்கு மேல் போயிருந்தால் தகட்டை மாற்ற வேண்டும் என்பது சர்வேயர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் எல்லை. 4 மி.மீ. தகட்டுக்கு அது 3 மி.மீ. மெலிந்த இடங்கள் அங்கங்கே திட்டுத் திட்டாக, மொத்தமாக இரண்டு மூன்று சதுர மீட்டருக்குள் இருந்தால் நான் வாங்குவேன். அடிப்பகுதி பக்கச்சுவராக வளைந்து ஏறும் பகுதி முழு நீளத்துக்கும் மெலிந்திருந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் திரும்பி வந்துவிடுங்கள். எஃகின் விலைக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு சதுர மீட்டர் 4 மி.மீ. தகடு 31.4 கிலோதான். இரண்டு சதுர மீட்டருக்குத் தேவையான இரும்பை வேனில் போட்டுக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் அதை ஒட்ட உள்ளே இருக்கும் அலமாரி, தண்ணீர்த் தொட்டி, நுரை, குழாய், கம்பி அனைத்தையும் கழற்ற வேண்டும், பிறகு மறுபடி பூட்ட வேண்டும். செலவு முழுவதும் அங்கேதான்.

எஃகுப் படகு எவ்வளவு அடி தாங்கும் என்பதற்கு ஒன்று சொல்லலாம். பெர்னார் மொய்தெசியே என்ற பிரெஞ்சு மாலுமியின் 'ஜோஷுவா' 12 மீட்டர் நீளமுள்ள எஃகுப் பாய்மரப் படகு, 1962-ல் பிரான்சில் ஒரு கொதிகலன் தொழிலாளியின் பட்டறையில் கட்டப்பட்டது. 1968-69-ல் தனியாக உலகைச் சுற்றும் பந்தயம் ஒன்றில் அவர் அதில் உலகைச் சுற்றி, பந்தயத்தை முடிக்காமல் மேலும் பாதி சுற்று ஓட்டித் தஹித்தியில் போய் நின்றார். 1982 டிசம்பரில் மெக்சிகோவின் காபோ சான் லூக்காசில் வீசிய புயலில் அது கரையில் தூக்கி எறியப்பட்டது. வேறு பல படகுகள் அன்று நொறுங்கிப்போயின. ஜோஷுவாவை நிமிர்த்திச் சீராக்கினார்கள். 1990-ல் லா ரோஷெல் கடல்சார் அருங்காட்சியகம் அதை வாங்கியது, இன்றும் அது பாய் விரிக்கிறது. எஃகு நசுங்கினாலும் உடையாது, வெட்டி ஒட்டினால் புதிய இடம் பழைய இடத்தைவிட உறுதியாக இருக்கும். கண்ணாடியிழைப் படகுக்கும் மரப்படகுக்கும் இந்தச் சலுகை இல்லை.

வெட்டி ஒட்டுவதைப் பற்றிச் சொல்லும்போது உங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். கப்பலில் 12 மி.மீ., 20 மி.மீ. தகட்டில் பழகிய கை 4 மி.மீ. தகட்டில் வேறு விதமாக நடக்க வேண்டும். தொடர்ந்து ஒரே ஓட்டமாக ஒட்டினால் மெல்லிய தகடு அப்பளமாக நெளிந்துவிடும், பிறகு எந்தப் புட்டியும் அதை மறைக்காது. 2.5 மி.மீ. வெல்டிங் குச்சி, குறைந்த ஆம்பியர், கைவிரல் நீளத்துக்குச் சிறு சிறு ஒட்டு, ஓரிடம் சூடு ஆறும்வரை எதிர்ப்பக்கம் போய் வேலை என்று தாவித் தாவிச் செய்ய வேண்டும். புதிய துண்டின் மூலைகள் வட்டமாக இருக்கட்டும், கூர்மூலையில்தான் விரிசல் பிறக்கும். 7018 குச்சி என்றால் ஈரம் படாமல் சூட்டடுப்பில் வைத்து எடுக்க வேண்டும் என்பது அவருக்கே தெரியும். நம் காற்றில் திறந்து வைத்த பெட்டி ஒரே நாளில் ஈரம் குடித்துவிடும்.

பழைய தகட்டின் மேலேயே இன்னொரு தகட்டை வைத்து ஓரம் ஒட்டிவிடலாம், சீக்கிரம் முடியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டு தகடுகளுக்கு இடையே சிக்கும் ஈரம் இரண்டையும் தின்னும், வெளியிலிருந்து அதை அளக்கவும் முடியாது. காப்புறுதி நிறுவனத்தின் சர்வேயர் முதலில் கேட்பதும் இதைத்தான். கெட்டுப்போனதை வெட்டி எடுத்துவிட்டு அதே கனத்தில் புதியதைப் பொருத்துவதுதான் சரி.

இங்குள்ள பட்டறைகளில் உரிமையாளர் தாமே நெருப்பு வேலை செய்ய இடம் கொடுப்பது அரிது. அனுமதிச் சீட்டு, தீக்காவல், காப்புறுதி என்று பல சங்கதிகள் இருக்கின்றன. சிங்கப்பூர்த் துறைமுக நீரில் மிதக்கும் படகில் வெல்டிங் செய்வதற்கும் முறையாக அனுமதி வாங்க வேண்டும். ஆகவே அப்பாவை வெல்டராக நினைக்காமல் மேற்பார்வையாளராக நியமியுங்கள். எந்தத் தகட்டை வெட்டுவது, ஓரம் சரியாகச் சாய்த்திருக்கிறதா, ஒட்டில் துளை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் அனுபவக் கண்ணுக்குத்தான் பட்டறையில் விலை அதிகம். வேலை செய்யும் இளைஞர்களில் பாதிப் பேர் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்தவராக இருந்தால், அவருக்கு நேரம் போவதே தெரியாது.

பயப்பட வேண்டியது எது என்று கேட்டீர்கள். கடலைவிட, மூடிக் கிடக்கும் தொட்டிக்குப் பயப்படுங்கள். இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். பல ஆண்டுகள் மூடியிருந்த எஃகுத் தொட்டிக்குள், சங்கிலி அறைக்குள், ஏரா எனப்படும் அடித்தண்டின் உட்குழிக்குள் மூச்சு விடக் காற்று இல்லாமல் இருக்கலாம். வாடை வராது, கண்ணுக்கும் தெரியாது. தலையை உள்ளே விட்டவர் சில நொடிகளில் மயங்குவார், அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். சிங்கப்பூரில் பணியிடங்களுக்கான 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்கும் 23.5 விழுக்காட்டுக்கும் இடையில் இருந்தால்தான் அடைபட்ட இடத்துக்குள் ஆளை விடலாம். உங்கள் படகு பணியிடம் அல்ல என்று வாதாடாதீர்கள். மூடியைத் திறந்து, காற்று ஊதி, கருவியால் அளந்த பிறகுதான் யாரும் குனிய வேண்டும். பிள்ளைகள் அப்போதும் கூடாது.

அடுத்தது ஈயம். 1980களுக்கு முந்தைய அடிப்பூச்சில் சிவப்பு ஈயம் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் படகு அந்த எல்லையில் இருக்கிறது. சோதனை செய்து பார்க்காமல் ஒரு சதுர அடிகூடத் தேய்க்க வேண்டாம். ஈயத்தூள் வளரும் பிள்ளையின் மூளைக்குச் செய்யும் கேடு திரும்பாதது. வேலை உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. இயந்திரப் புகைக்குழாயைச் சுற்றிய பழைய வெள்ளைக் கட்டு கல்நாராக இருக்கலாம். அதை நீங்கள் தொடாமல் உரிமம் பெற்றவரிடம் விடுங்கள். தகட்டுக்குப் பின்னால் தெளித்திருக்கும் மஞ்சள் நுரை வெல்டிங் சூட்டில் பற்றினால் சயனைடு கலந்த புகை வரும். ஒட்டும் இடத்தைச் சுற்றி நுரையைத் தாராளமாக வெட்டி அகற்றுங்கள், வேலை முடிந்த பிறகும் குறைந்தது ஒரு மணி நேரம் ஒருவர் தண்ணீரோடு உள்ளே காவல் இருக்கட்டும். வெல்டிங் தொடங்கும் முன் மின்கலங்களையும் ஆல்டர்னேட்டரையும் பிரித்துவிடச் சொல்லிக் கணவரிடம் ஒப்படையுங்கள்.

இனி துரு உரிப்பதும் பெயின்டும். சிங்கப்பூரில் இந்த வேலை எதனால் கெட்டுப்போகிறது என்றால் பெரும்பாலும் ஈரத்தால்தான். மழை இல்லாத நாளில்கூட விடியலுக்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், பிற்பகலில் 60-க்கு இறங்கும். பெயின்டுக்கான பழைய விதி இது: ஈரப்பதம் 85-க்குக் கீழே இருக்க வேண்டும், தகட்டின் சூடு பனிநிலையைவிட, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட, 3 பாகையாவது கூடுதலாக இருக்க வேண்டும். காற்று 27 பாகை, ஈரப்பதம் 85 என்றால் பனிநிலை 24-க்குச் சற்று மேல். அப்போது தகடு 27-க்கு மேல் இருந்தாக வேண்டும். இரவெல்லாம் குளிர்ந்த தகடு காலை எட்டு மணிக்கு அந்தச் சூட்டை எட்டியிருக்காது. கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் அதன் மேல் இருக்கும், அதன் மேல் அடித்த எப்பாக்சிப் பெயின்ட் சில ஆண்டுகளில் தோலாக உரியும். நண்பகல் வெயிலில் தகடு மிகச் சூடானால் பெயின்ட் பரவும் முன்பே காய்ந்துவிடும். கூடாரத்துக்குள், காலை பத்து மணிக்குப் பிறகு கிடைக்கும் சில மணி நேரம்தான் நல்ல நேரம். ஈரப்பதமானியையும் தகட்டு வெப்பமானியையும் மகனிடம் கொடுத்து, பனிநிலையைக் கணக்கிட்டு அனுமதி தரும் அதிகாரத்தையும் அவனுக்கே கொடுங்கள். அவன் தலையசைக்காமல் யாரும் டப்பாவைத் திறக்கக் கூடாது.

மாதத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழையின் ஈரக் கட்டம். பிப்ரவரிதான் சராசரியில் ஆண்டின் மிகக் குறைந்த மழை பெறும் மாதம். பொங்கல் முடிந்ததும் படகைத் தூக்கி, தகட்டு வேலையை ஜனவரிக் கடைசியில் தொடங்கினால், பெயின்ட் பிப்ரவரியில் விழும். ஏப்ரல், மே மாதங்களுக்கு ஒத்திப்போட்டால் பிற்பகல் இடிமழையும் விடியற்கால 'சுமத்ரா' சூறைக்காற்றும் உங்கள் கூடாரத்தைச் சோதித்துப் பார்க்கும்.

துருவை உரிக்கும் முன் உயர் அழுத்த நன்னீரால் கழுவ வேண்டும். உப்பு இருக்கும் தகட்டை மணல் பாய்ச்சினால் உப்பைக் குழிக்குள் அடித்துப் புதைக்கிறோம் என்று பொருள். கப்பல்களின் நிலைநீர்த் தொட்டிகளுக்கு 2006-ல் வகுத்த உலகத் தரம் சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராம் உப்பைத்தான் அனுமதிக்கிறது. உங்கள் படகுக்கும் அதையே கேளுங்கள், சோதனைப் பட்டை ஒட்டிப் பார்க்க அதிக நேரம் ஆகாது. பிறகு கார்னெட் என்ற கடினமான தாதுமணலைப் பாய்ச்சி, துரு நீங்கி எஃகு ஏறக்குறைய வெள்ளையாகத் தெரியும் நிலைக்கு, பட்டறையில் 'எஸ்.ஏ. இரண்டரை' என்று சொல்வதற்கு, கொண்டுவர வேண்டும். மேற்பரப்பின் சொரசொரப்பு 50 முதல் 75 மைக்ரான் இருந்தால் பெயின்ட் பிடித்துக்கொள்ளும். ஒரு காலத்தில் இந்தக் கார்னெட் நெல்லை, தூத்துக்குடிக் கடற்கரைகளிலிருந்து உலகெங்கும் போனது. 2013-ல் தமிழக அரசு தாதுமணல் எடுக்கத் தடை விதித்தது. சாதாரண ஆற்றுமணலையோ கடல்மணலையோ பாய்ச்சச் சம்மதிக்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலைக் கல்லாக்கும்.

மணல் பாய்ச்சிய தகடு நம் காற்றில் சில மணி நேரத்திலேயே பழுப்பேறும். அன்று உரித்ததை அன்றே மூட வேண்டும். முதல் பூச்சு முடிந்ததும், ஒட்டுக்கோடு, ஓரம், மூலை, துளை ஆகியவற்றுக்குத் தூரிகையால் தனியாக ஒரு பூச்சு கொடுக்க வேண்டும். தெளிப்பானிலிருந்து வரும் பெயின்ட் கூர்விளிம்பிலிருந்து விலகிவிடும், துரு அங்கேதான் தலைகாட்டும். இந்தத் தூரிகை வேலையில் கூலிக்காரர் அவசரப்படுவார். நேரமும் பொறுமையும் உள்ள குடும்பம் வெளி வேலையில் கைவைக்கலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான், அதுவும் பெரியவர்கள் மட்டும், கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே எப்பாக்சி மொத்தம் 300-லிருந்து 400 மைக்ரான் சேர வேண்டும். அதற்கு மேல்தான் சிப்பி ஒட்டாமல் தடுக்கும் பெயின்ட். அதில் தாமிரம் இருந்தால், எப்பாக்சியில் கீறல் விழுந்த இடத்தில் தாமிரமும் எஃகும் நேரடியாகச் சந்திக்கும், எஃகு தோற்கும். நங்கூரச் சங்கிலி உரசும் விளிம்பு, கயிறு கட்டும் கொம்பு போன்ற இடங்களில் 316எல் துருவேறா எஃகுப் பட்டையை ஒட்டிவிட்டால் பெயின்ட் போனாலும் கவலை இல்லை.

உள்பக்கத்தை முழுவதும் மணல் பாய்ச்ச முடியாது. கைச்சுரண்டி, கம்பித் தூரிகை, சிப்பிங் சுத்தியல் கொண்டு தளர்ந்ததை எடுத்துவிட்டு, சுமாரான பரப்பையும் பொறுத்துக்கொள்ளும் வகை எப்பாக்சியை அடிக்கலாம். அடைத்த துளைகளைத் திறந்து, எந்த மூலையிலிருந்து நீர் ஊற்றினாலும் அது ஓடி ஒரே குழியில் சேர்கிறதா என்று குவளையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சேரவில்லை என்றால் அந்த மேட்டைப் புட்டியால் நிரப்பிச் சரிவு கொடுங்கள். என்னைக் கேட்டால், விலை உயர்ந்த பெயின்டைவிட இந்தச் சரிவுதான் படகின் ஆயுளைக் கூட்டும்.

மின்சாரத்தைப் பற்றி உங்கள் கணவர் கவனமாகப் படிக்க வேண்டும். நேர்மின்னோட்டம் ஒரு ஆம்பியர் தகட்டிலிருந்து கடலுக்குள் கசிந்துகொண்டிருந்தால், ஓராண்டில் சுமார் 9 கிலோ இரும்பு கரையும். இது வேதியியல் பாடத்தில் மகன் படிக்கப்போகும் ஃபாரடே விதியின் நேரடிக் கணக்கு. 9 கிலோ பரவலாகப் போனால் தாங்கலாம். ஆனால் கசிவு எப்போதும் பெயின்ட் கீறிய ஒரு சின்ன இடத்தைத் தேடிப்போகும். பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் 4 மி.மீ. தகட்டின் எடை 314 கிராம்தான். அத்தனையும் இரண்டு வாரத்துக்குள் போய்விடும். ஆகவே எஃகுப் படகின் உடலை மின்சுற்றின் பாதையாக ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு விளக்குக்கும் பம்புக்கும் இரண்டு கம்பிகள் போய்த் திரும்ப வேண்டும். பில்ஜ் பம்பின் கம்பி இணைப்பு நீரில் கிடக்கக் கூடாது. கரையிலிருந்து மின்சாரம் எடுத்தால், தரைக்கம்பி வழியாக அக்கம்பக்கத்துப் படகுகளோடு உங்கள் படகும் ஒரு பெரிய மின்கலமாகிவிடும், பக்கத்துப் படகின் தாமிரத்தை உங்கள் துத்தநாகம் காத்துக்கொண்டிருக்கும். தனிப்படுத்தும் மின்மாற்றி ஒன்றைப் பொருத்துங்கள், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இதைக் கண்காணிக்க எளிய வழி உண்டு. வெள்ளி குளோரைடு மின்முனை ஒன்றைக் கடலில் தொங்கவிட்டு, மல்டிமீட்டரின் மறுமுனையைத் தகட்டில் வைத்தால் ஓர் எண் வரும். மைனஸ் 0.80 வோல்ட்டோ அதற்கும் கீழேயோ இருந்தால் எஃகு பாதுகாப்பாக இருக்கிறது. மைனஸ் 0.65-க்கு அருகில் வந்தால் துத்தநாகம் தீர்ந்துவிட்டது, அல்லது எங்கோ கசிகிறது. மைனஸ் 1.1-ஐத் தாண்டினால் காவல் அளவுக்கு மீறி, பெயின்ட் கொப்பளிக்கத் தொடங்கும். மாதம் ஒருமுறை இதை எழுதிவைப்பது மகளின் பொறுப்பாக இருக்கலாம். ஜோகூர் நீரிணையில், குறிப்பாக ஆற்றுமுகங்களுக்கு அருகில், நீரின் உப்பு குறையும். அங்கே படகைக் கட்டப்போகிறீர்கள் என்றால் துத்தநாகத்துக்குப் பதிலாக அலுமினியக் கட்டிகளை மாட்டுங்கள்.

இயந்திரம், பாய், கயிறு பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றை மாற்ற முடியும், தகட்டை அப்படி மாற்ற முடியாது. இயந்திரம் சுழல்கிறதா என்று மட்டும் பாருங்கள், மற்றதைத் தகட்டு வேலை முடிந்த பிறகு யோசியுங்கள்.

எங்கே செய்வது என்ற கேள்விக்கு என் விடை: கரை வேலையைப் படகு இப்போது நிற்கும் ஜோகூரிலேயே முடியுங்கள். கூலியும் இடவாடகையும் இங்கைவிடக் குறைவு. லங்காவி, பங்கோர் வரை போனால் இன்னும் குறையலாம், ஆனால் அங்கே அப்பா மேற்பார்வை பார்க்க முடியாது, அவரில்லாமல் இந்தத் திட்டத்துக்குப் பொருளும் இல்லை. அவரை வாரநாளில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை மாலை உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் நிற்பதைவிடத் துருச் சுரண்டுவது சுகம். உள்வேலைக்குப் படகை இந்தப் பக்கம் கொண்டுவரலாம். வாங்கும் முன்பே துவாஸ், வெஸ்ட் கோஸ்ட், பொங்கோல், சாங்கிப் பக்கத்துப் படகுத்துறைகளில் நாற்பது வயது எஃகுப் படகுக்கு இடம் தருவார்களா, உள்வேலைக்கு என்ன விதி, மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் தாழ்வாரத்தில் அலமாரிக் கதவுகளுக்கு வார்னிஷ் அடிக்கலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

தாள்களையும் தகட்டுக்குச் சமமாக மதியுங்கள். விற்பவர்தான் உரிமையாளர் என்பதற்கான விற்பனைப் பத்திரமும், முன்பு பதிவாகியிருந்த நாட்டின் பதிவிலிருந்து நீக்கிய சான்றும் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சிங்கப்பூருக்குள் நிரந்தரமாகக் கொண்டுவந்தால் 9 விழுக்காடு பொருள் சேவை வரி உண்டு. கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உல்லாசப் படகு உரிமம் வேண்டும், இயந்திரம் உள்ள படகை ஓட்ட உங்களில் ஒருவருக்காவது ஓட்டுநர் உரிமம் வேண்டும். 16 வயது ஆனதும் மகனும் அதற்கு விண்ணப்பிக்கலாம்.

பணத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதி சொல்வேன். படகின் விலை, தகட்டு வேலை, பெயின்ட், கரை வாடகை நான்குக்கும் முழுத்தொகை கையில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். உள்வேலைக்கான பணம் மாதச் சம்பளத்திலிருந்து மெதுவாக வரலாம். பிள்ளைகளின் தேர்வு மாதங்களில் படகு சும்மா மிதக்கட்டும், நன்றாகப் பெயின்ட் அடித்த எஃகுக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

இந்த வாரம் விற்பவரிடம் இரண்டே அனுமதி கேளுங்கள்: தரைப்பலகைகளை எல்லாம் கழற்றவும், தகட்டைக் கட்டம் போட்டு அளக்கவும். செலவு உங்களுடையது என்று சொல்லுங்கள். ஒன்றுக்கு மறுத்தாலும் வேறு படகு பாருங்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1970, 80களில் வீட்டுக் கொல்லையில் கட்டிய எஃகுப் படகுகள் இன்னும் இந்தக் கடல்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன, ஆகவே அவசரம் ஒன்றுமில்லை. சம்மதித்தால், அளவீட்டு வரைபடத்தை அனுப்பிவையுங்கள். எந்தத் தகட்டை வெட்ட வேண்டும், எதை இன்னும் பத்தாண்டு விட்டுவைக்கலாம் என்று அப்பாவோடு உட்கார்ந்து பேசிக் குறித்துத் தருகிறேன்.